சிவப்பு வட்டத்துக்குள் நாற்பத்து நான்கு

அத்தியாயம் 5

பென்னாகரம் தாண்டி மலை இறங்கும் சாலையில் பிளசியின் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால், நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. காதுக்குள்ளேயே கேட்கும்.

"மெதுவா போடி."

"நான் மெதுவாத்தான்க்கா போறேன். ரோடுதான் அவசரமா வருது."

பிளசி என் ஒரே உதவியாள். முப்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போக விடுப்பு எடுத்துக்கொள்வாள். மற்ற ஆறு நாளும் என்னைக் கிண்டல் செய்யச் சம்பளம் வாங்குகிறாள். தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் 'அமுதவல்லி விசாரணை நிலையம்' என்ற பலகையின் கீழ் மூன்று வருடமாக நாங்கள் இருவரும் பிழைக்கிறோம். பாதிக்கு மேல் மாப்பிள்ளை விசாரணைதான். அதற்கு முன் இருபத்தாறு வருடம் நான் நர்ஸ்.

நேற்று மாலை மாடிப்படி ஏறி வந்த ராமக்காள் மாப்பிள்ளை யாரையும் விசாரிக்கச் சொல்லவில்லை. ஊட்டமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உட்காருவதற்கு முன்பே ஒரு ஜெராக்ஸ் தாளை மேசையில் வைத்துத் தட்டினாள்.

"இது எங்கூட்டுக்காரரு சீட்டே இல்லைங்க. மாத்திட்டானுங்க. எவன் மாத்துனான்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

அவள் கணவன் அர்ச்சுனன். வயது நாற்பத்தாறு. ஒகேனக்கல்லில் இருபத்து நான்கு வருடமாகப் பரிசல் ஓட்டுகிறவன். பிப்ரவரியில் ஆற்றங்கரைத் தொழிலாளர் சங்கம் ஒரு மருத்துவ முகாம் நடத்தியது. பரிசல்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுக்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்து. முகாமில் தேறியவர்களுக்குத்தான் புது பேட்ஜ். பேட்ஜ் இருந்தால்தான் பரிசலுக்கு முறை வரும். அர்ச்சுனனின் சீட்டில் நாடி 44 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே 'தகுதியில்லை' என்று டாக்டர் கையெழுத்து போட்டிருந்தது.

"நெஞ்சு வீக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்குப் படுத்த மனுசன்தான். பதினோரு வாரமா கட்டிலை வுட்டு எறங்கல" என்றாள் ராமக்காள். "ஆனா நாப்பத்தி நாலு இவரு எண்ணே இல்லைங்க. கொரோனாக்கு வாங்கின விரல் மாட்டற மெசின் வூட்ல கெடந்துச்சு. அதைத் தேடி எடுத்து தெனம் காத்தால பாக்கறேன். இன்னிக்கு அறுவத்தி நாலு! சங்கத்து போர்டுல இன்னொரு பரிசல்காரன், அந்தப் பச்சியப்பன் பேருக்கு நேரா என்னா போட்டிருக்குது? அதே அறுவத்தி நாலு. அவன் சீட்டை இவருக்கு வெச்சுட்டு, இவரு சீட்டை அவன் எடுத்துக்கிட்டான்."

சாட்சியாக ஒரு கட்டு தினக் காலண்டர் தாள்களைக் கொடுத்தாள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பால் பாயிண்ட் பேனாவில் ஓர் எண். மார்ச்சில் தருமபுரியில் எடுத்த ஈ.சி.ஜி., எக்கோ அறிக்கைகளும் இருந்தன. இரண்டிலும் கோளாறு எதுவும் இல்லை. நாளை, அதாவது இன்று, மாலை நான்கு மணிக்குச் சங்கம் பட்டியலை மூடுகிறது. அதற்குள் பெயர் ஏறாவிட்டால் அர்ச்சுனனின் பேட்ஜ் வேறொருவனுக்குப் போய்விடும்.

கிளம்பும்போது ராமக்காள் சொன்னாள். "தருமபுரில எத்தனையோ பேரு இருக்க, உங்ககிட்டதான் போகணும்னு அவரே சொல்லி அனுப்புனாருங்க."

நான் தலையாட்டினேன். சொல்ல வேண்டிய ஒன்றை ராமக்காளிடம் சொல்லவில்லை. பிளசியிடமும் சொல்லவில்லை.

அந்த முகாமில் நானும் இருந்தேன். தொண்டு செய்ய வந்த நர்ஸாக. மூன்று மேசைகள், மேசைக்கு ஒருவர். எடை, ரத்த அழுத்தம், நாடி பார்த்து எழுதி, சரியில்லாதவற்றுக்கு வட்டம் போட்டு டாக்டருக்கு அனுப்ப வேண்டும். வரிசை வாசலைத் தாண்டி ஆற்றுப்பக்கம் வரை நின்றது. நான் எழுபது பேரையாவது பார்த்திருப்பேன். ஒரு முகம்கூட நினைவில்லை.

மூன்றில் ஒரு மேசை. அப்படித்தான் நேற்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டு மாறியிருந்தால் இன்னும் நல்லது, குற்றவாளி வேறு யாரோ ஆகிவிடுவான். இத்தனை ஆசையோடு நான் எந்த வழக்கையும் எடுத்ததில்லை.

---

பச்சியப்பன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நடையைக் கட்டினார்.

மீன் வறுவல் கடைகளின் வரிசையில், விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே, வெள்ளை பனியன் போட்ட பெரிய முதுகு ஒன்று வேகமாக விலகிப் போனது. பிளசி குரல் கொடுத்தாள்.

"மாமா, ஓடாதீங்க. எங்களுக்கு ஓட வராது. உங்களுக்கும் வராதுன்னு பாத்தாலே தெரியுது!"

இருபது அடி போய் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஐம்பத்தைந்து வயது. மூச்சு வாங்கியது.

"சங்கத்துல இருந்து வரீங்களா?"

"இல்லைங்க. ராமக்காள் அனுப்புனாங்க."

அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பிறகுதான் கோபம். அந்த வரிசை எனக்கு வினோதமாகப் பட்டது.

"அவளா? சந்தையில நாலு பேரு பாக்க என் மூஞ்சி மேல மண்ணை வாரி எறிஞ்சாளே, அது பத்தலையாமா? அர்ச்சுனன் சீட்டை நான் எதுக்குங்க எடுக்கறேன்? ரெண்டு தடவை சுழியில இருந்து என் தலைமயித்தைப் பிடிச்சு இழுத்துப் போட்டவன் அவன்."

"சிவப்பு வட்டம் போட்ட சீட்டு உங்களோடதுன்னு அவங்க நம்புறாங்க" என்றேன். "உங்க நாடியைப் பாத்தா தெரிஞ்சிடும். நாற்பத்து நாலு வந்தா சீட்டு மாறியிருக்கு."

பிளசி திரும்பி என்னை ஒரு கணம் பார்த்தாள். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

பச்சியப்பன் கையை நீட்டினார். நான் தொடவில்லை. "இப்ப இல்லைங்க. நடந்து வந்திருக்கீங்க, கோவமா வேற இருக்கீங்க. சும்மா இருக்கும்போது நெஞ்சு எப்படி அடிக்குதுன்னுதான் பாக்கணும். பத்து நிமிசம் உட்காருங்க."

அந்தப் பத்து நிமிடத்தில் பிளசி இரண்டு கெண்டை மீன் துண்டுகளை முடித்து, எலும்பை நாய்க்குப் போட்டு, "சாட்சி விசாரணை செலவு" என்று என் பக்கம் கையை நீட்டினாள்.

நான் பச்சியப்பனின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து விநாடிக்குப் பதினேழு. நான்கால் பெருக்கினேன்.

"அறுபத்தெட்டு."

"போர்டுல அறுபத்தி நாலு. அதுக்குப் பக்கத்து வூடுதான்" என்றாள் பிளசி. "சீட்டு மாறலைக்கா."

அதோடு பிளசி விடவில்லை. "அதெல்லாம் சரி மாமா, சங்கம்னதும் எதுக்கு ஓடுனீங்க?"

பச்சியப்பன் சுற்றிலும் பார்த்தார். அப்புறம் வலது தோளைத் தடவிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"துடுப்பைத் தொட்டு ரெண்டு வருசமாச்சும்மா. தோள்பட்டை போயிடுச்சு. என் பேட்ஜை மாட்டிக்கிட்டு மச்சான் மவன் ஓட்டுறான். சங்கத்துக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். சொல்லிடாதீங்க."

"நாங்க அதுக்கு வரலைங்க" என்றேன்.

சொல்லிவிட்டு நடக்கும்போது அந்த இரண்டு எண்களும் என்னோடு நடந்தன. துடுப்பைத் தொடாதவருக்கு அறுபத்தெட்டு. இருபத்து நான்கு வருடம் தினமும் துடுப்புப் போட்டவனுக்கு நாற்பத்து நான்கு. நர்ஸிங் படித்த ஒருத்திக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

---

சங்க அலுவலகம் என்பது தகரக் கூரை போட்ட ஓர் அறை. செயலாளர் மாயவன் பீரோவைத் திறந்து மூன்று கட்டுகளை எடுத்துப் போட்டார்.

"மேசைவாரியா கட்டி வெச்சிருக்கறோம். எந்த மேசையில யாரு உக்காந்தாங்கன்னு எழுதி வெக்கலைங்க."

அந்த வார்த்தையில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கட்டுகளை நான் பார்க்கிறேன் என்று கை நீட்டுவதற்குள் பிளசி தரையில் சம்மணமிட்டு மூன்றையும் பிரித்துவிட்டாள். அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவள் நான்தான். எண்களைத் தனியாகப் பார்க்காதே, கூட்டமாகப் பார் என்று.

"ஆளு யாருன்னு தெரியாட்டி என்னக்கா, பழக்கம் தெரியுதே" என்றாள். "இந்தக் கட்டைப் பாருங்க. எழுபத்தி ஒண்ணு, எண்பத்தி மூணு, அறுபத்தி ஏழு. முழு நிமிசம் எண்ணியிருக்காங்க. புண்ணியவதி. இது பாருங்க, எல்லாம் ரெட்டைப்படை. எழுபத்தி நாலு, எழுபது, எண்பத்தி ரெண்டு. அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்கினது. பரவாயில்லை, சுமாரான புண்ணியவதி. மூணாவதுல, எழுபத்தி ரெண்டு, அறுபத்தி எட்டு, எண்பது, எழுபத்தி ஆறு. பச்சியப்பன் அறுபத்தி நாலு. அர்ச்சுனன் நாப்பத்தி நாலு. நாலாம் வாய்ப்பாடு மாதிரி இருக்கு. எழுபது சீட்டுல ஒண்ணுகூடத் தப்பல. யாரோ ஒரு சோம்பேறி, பதினஞ்சே செகண்டு எண்ணி நாலால..."

அங்கே நிறுத்தினாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே முகாமின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கூட்டத்தில் முன்வரிசையில் மூன்று நர்ஸுகள். தோளில் ஊதா நிறச் சால்வைகள்.

எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர் மேல் தூசி விழாமல் ஒரு ஊதா நிறச் சால்வை போர்த்தியிருக்கிறது. எங்கே கிடைத்தது என்று பிளசி ஒருமுறை கேட்டாள். ஏதோ ஒரு கூட்டத்தில் என்று சொன்னேன்.

பிளசி கட்டுகளை மறுபடி நூல் போட்டுக் கட்டினாள். மிகவும் நிதானமாகக் கட்டினாள். அந்த நிமிடம் அவள் ஏதாவது கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மாயவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முகாமன்று வாசலில் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னை அடையாளம் கண்டிருக்கவில்லை. "ஈ.சி.ஜி. நல்லாத்தான் இருக்குதுங்க, நானும் பாத்தேன். ஆனா முகாம் சீட்டுல வட்டம் இருக்குதே! வட்டம் போட்டவங்களே வந்து, தப்பாப் போட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அர்ச்சுனன் பேரை ஏத்திடலாம். கமிட்டி அப்படித்தான் முடிவு பண்ணுச்சு. நாலு மணிக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்களேன்."

"கூட்டிட்டு வரேன்" என்றேன்.

மணி ஒன்றே முக்கால். 'நான்தான்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். அதை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

---

கரும்புச்சாறு வண்டி நிழலில் பிளசி ஸ்டாண்ட் போட்டாள். இரண்டு டம்ளர் வாங்கினாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள்.

"மூணு விசயம்க்கா" என்றாள். "ஒண்ணு, நம்மகிட்ட இருக்கறது ஜெராக்ஸ். அதுல வட்டம் கறுப்பு. நீங்க பச்சியப்பன் மாமாகிட்ட சிவப்பு வட்டம்னு சொன்னீங்க. ரெண்டு, நாலாம் வாய்ப்பாடு. எனக்கு டெங்கு வந்தப்ப என் கையைப் பிடிச்சுப் பதினஞ்சு செகண்டுல விட்டுட்டீங்க. மூணு, பிரிண்டர் போத்தியிருக்கற சால்வை."

"நாலாவது ஒண்ணு இருக்கு" என்றேன். "அது உனக்குத் தெரியாது."

சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை.

பல வருடங்களுக்கு முன் விளையாட்டு விடுதிப் பிள்ளைகளுக்கு நடந்த முகாம் ஒன்றில் நான் வேலை செய்தேன். நீண்ட தூரம் ஓடும் ஒரு பையனுக்கு நாடி 46. நான் சிரித்துக்கொண்டே, 'நல்ல இதயம்ப்பா' என்று சொல்லி எழுதினேன். வட்டம் போடவில்லை. உழைத்துப் பழகிய இதயம் ஒரே அடியில் நிறைய ரத்தத்தைத் தள்ளும், அதனால் ஓய்வில் குறைவாக அடித்தால் போதும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் ஷூ போட்டிருந்தான். கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒரு மாஸ்டர் கூட நின்றார்.

அர்ச்சுனன் லுங்கி கட்டி வந்திருப்பான். எண்ணெய் தேய்ப்பவனா, மீன் வறுப்பவனா, துடுப்புப் போடுபவனா என்று நான் கேட்கவில்லை. மயக்கம் வருமா, மூச்சு வாங்குமா, நெஞ்சு வலிக்குமா என்றும் கேட்கவில்லை. குறைந்த நாடியில் கோளாறானதும் உண்டு. அதைப் பிரித்துக் காட்டத்தான் அந்த மூன்று கேள்விகள். 'அடுத்த ஆளு' என்று கூப்பிட்டிருப்பேன். அதே எண்ணை ஒருவனுக்குப் பாராட்டாகவும் இன்னொருவனுக்கு நோயாகவும் எழுதியிருக்கிறேன். எனக்கு அறிவு இல்லாமல் போகவில்லை. அவனிடம் அந்த அறிவைச் செலவழிக்கத் தோன்றவில்லை.

பிளசி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப காலண்டர்ல அறுபத்தி நாலு எப்படிக்கா?"

"என்ன எழுதியிருக்கு, தேதியோட படி."

பையிலிருந்து தாள்களை எடுத்தாள். "மார்ச் ஏழு அம்பத்தி மூணு. அதுதான் முதல் தாள். மார்ச் இருபது அம்பத்தி ஆறு. ஏப்ரல் அஞ்சு அம்பத்தி ஒம்பது. ஏப்ரல் இருபது அறுபத்தி ரெண்டு. நேத்து அறுபத்தி நாலு. நல்லா ஏறிக்கிட்டே வருது."

"ஏறிக்கிட்டே வருதுன்னா, எங்கிருந்து ஏறிச்சு?"

பிளசி முதல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகாம் நடந்தது பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. மெஷின் கையில் கிடைப்பதற்குள் கட்டிலில் நான்கு வாரம் கழிந்துவிட்டது. எண்களைப் பின்னோக்கி இறக்கிக்கொண்டே போனால் அடியில் நிற்பது நாற்பத்து நான்குதான். சீட்டும் ஒன்றுதான், நெஞ்சும் ஒன்றுதான்.

"அய்யோ" என்றாள் மெல்ல. "அந்தம்மா தேறி வருதுன்னு சந்தோசமா எழுதியிருக்கு. அது தேறி வரல. கரைஞ்சு போகுது."

படுக்கையும் பயமுமாகப் பதினோரு வாரம். இருபத்து நான்கு வருடத்தில் ஆறும் துடுப்பும் கட்டிய இதயத்தை ஒரு வட்டம் போட்டுக் கலைத்திருந்தேன்.

"வண்டியை எடு" என்றேன்.

"மாயவன்கிட்டயா?"

"ஊட்டமலைக்கு. அவர்கிட்ட சொன்னப்புறம்தான் மத்தவங்ககிட்ட."

---

அர்ச்சுனன் மின்விசிறிக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். அகன்ற தோள்கள் அப்படியே இருந்தன. கீழே உடம்பு தளர்ந்திருந்தது. போர்வை மேல் கிடந்த உள்ளங்கைகளைப் பார்த்தேன். துடுப்புக் காய்ப்பு உரிந்து, உள்ளே குழந்தையின் தோல் போலச் சிவந்த தோல்.

ராமக்காள் கஞ்சி டம்ளரோடு வந்தாள். "பச்சியப்பன் ஒத்துக்கிட்டானா?"

"அவர் எதுவும் பண்ணலைங்க. சீட்டு மாறவே இல்லை" என்றேன். கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்தேன். "அர்ச்சுனன், நாற்பத்து நாலுன்னு எழுதி வட்டம் போட்டது நான்."

ராமக்காள் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அர்ச்சுனன் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"தெரியும்ங்க."

பிளசி வாசலிலிருந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

"மைக்குல உங்க பேரைச் சொல்லித்தானே சால்வை போத்துனாங்க. தருமபுரில விசாரணை நிலையம் வெச்சிருக்கறாங்கன்னு சொன்னாங்க. அதான் இவளை உங்ககிட்ட போகச் சொன்னேன்."

"தெரிஞ்சுமா? அப்ப என்னை நேராவே கேட்டிருக்கலாமே!"

"இவ சீட்டு மாறிப்போச்சுன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சா. எனக்குத் தெரியும், மாறலைன்னு. என் கையைத்தானே பிடிச்சீங்க." அவன் தயங்கினான். "நீங்க எண்ணிப் பாத்து வட்டம் போட்டவங்க. மிச்சம் எத்தனை நாளுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், என்கிட்ட சொல்லாம வுட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். அதையாவது இவகிட்ட சொல்லி அனுப்புவீங்கன்னுதான்."

ராமக்காள் டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள். வைக்கும்போது பாதி கஞ்சி கீழே சிந்தியது.

பதினோரு வாரமாக இந்த மனிதன் நாளை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறான். நான் வாங்கிய சால்வை என் பெயரை அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அழக்கூடாது என்று இருந்தேன். அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதையும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

"புதுசா ஓட்ட வர்றவன் அக்கரைக்குப் போக எத்தனை துடுப்புப் போடுவான்?" என்று கேட்டேன்.

அவன் புரியாமல் திரும்பினான். "அவனா? நூறு போடுவான். பாதி தண்ணி பரிசலுக்குள்ள இருக்கும்."

"நீங்க?"

"நாப்பது போதும்ங்க. அவசரமே வேணாம், ஆழமா அழுத்திப் போட்டா ஒவ்வொண்ணுக்கும் பரிசல் தானா..."

நின்றுவிட்டது பேச்சு. அவன் முழங்கையை ஊன்றி எழுந்தான். தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான்.

"அப்ப நாப்பத்தி நாலுன்னா..."

"ஆழமான துடுப்பு. உங்களுக்கு மயக்கம், மூச்சு முட்டல் ஏதாவது வந்ததுண்டா?"

"எனக்கா? எந்தக் காலத்துலயும் இல்லைங்க."

"இதை அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்கல."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றான். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்திருக்கும். இல்லை.

கோபம் ராமக்காளிடம் இருந்தது. "படிச்சவங்கதானே நீங்க? கண்ணு இல்ல உங்களுக்கு? தோளைப் பாத்தா தெரியாதா இவரு என்னா வேலை செய்யறவருன்னு?" என்று கத்தினாள். திடீரென்று அவள் கண்கள் பிளசியின் கையிலிருந்த காலண்டர் தாள்களுக்குப் போயின. குரல் இறங்கியது. "அம்பத்தி மூணுல இருந்து அறுவத்தி நாலு. ஒத்தை அடி நடக்க வுடாம, கஞ்சி ஊத்தி ஊத்தி... நானா ஏத்தி வுட்டேன்?"

"நீங்க ஏத்தலைங்க. என் வட்டம் ஏத்திச்சு."

அர்ச்சுனன் கையை என் பக்கம் நீட்டினான். "இப்ப எண்ணுங்க."

மணிக்கட்டில் விரல் வைத்தேன். பதினைந்து விநாடி போனது. என் விரல் பழக்கத்தில் தளர்ந்தது, மறுபடி அழுத்தினேன். முப்பது. நாற்பத்தைந்து. ஒரு மனிதனின் ஒரு முழு நிமிடம் இவ்வளவு நீளம் என்பதை நான் மறந்திருந்தேன். நடுவில் வெளியே ஒரு பஸ் போனது. ராமக்காள் முந்தானையால் தரையில் சிந்திய கஞ்சியைத் துடைத்தாள்.

"அறுபத்து மூன்று" என்றேன்.

"நாலால வகுபடல" என்றாள் பிளசி, யாருக்கும் கேட்காதபடி.

"நாப்பத்தி நாலுக்குத் திரும்ப எத்தனை நாளாகும்?" என்று கேட்டான்.

"மாசக்கணக்காகும். திரும்பி வருமான்னு உறுதியாவும் சொல்ல மாட்டேன். நாளைக்கு முதல்ல டாக்டர்கிட்ட போவோம். அப்புறம் நடை. அதுக்கப்புறம் ஆள் ஏத்தாம வெறும் பரிசல். ஒரேயடியா சுழிப் பக்கம் போகக் கூடாது."

அவன் யோசித்தான். பிறகு, பரிசலில் ஏறுகிறவர்களிடம் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் குரலில் சொன்னான்.

"அதுவரைக்கும் வாராவாரம் நீங்களே வந்து எண்ணணும். வேற ஆளை அனுப்பக் கூடாது. முழு நிமிசம்."

"வரேன்."

ராமக்காள் கொடுத்த நோட்டுத் தாளில் எழுதினேன். 'எண் 44 சரி. வட்டம் தவறு. கேட்க வேண்டியதைக் கேட்காமல் வட்டம் போட்டவள் நான்.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மணி மூன்று இருபது. வாசலில் பிளசி வண்டியை உதைக்கும்போது ராமக்காள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பச்சியப்பனைச் சந்தையில வெச்சுக் கண்டபடி பேசிட்டேனே. நானும் வரேன். வண்டியில எடம் இருக்குதா?"

பிளசி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "பின்னாடி ரெண்டு குத்தவாளி. மூணு பேரா போறது மூணாவது குத்தம். ஏறுங்க."

சங்க அலுவலகத்துக்குள் நுழையும்போது நான்குக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கமிட்டி ஆட்கள் எட்டுப் பேர் பட்டியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாயவன் தாளை வாங்கினார், பிரித்துப் படிக்கவில்லை. என்னைத் தாண்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா? ஆளு எங்கங்க?"

நான் நடந்து போய், சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு நேர் கீழே நின்றேன்.